எட்டாம் வகுப்போடு நின்றுபோன ஜெர்மன்

என் அண்ணன் மகள் படிக்கும் பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அடுத்த கல்வியாண்டு முதல் ஜெர்மன் வகுப்பு கிடையாது, அந்த இடத்தில் ஸ்பானிஷ் வருகிறது, ஏழிலும் எட்டிலும் ஜெர்மன் படித்த பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் ஸ்பானிஷை முதலிலிருந்து படிக்கலாம். மொத்தமே ஐந்தாறு வரிதான். காரணம் என்று ஒரே ஒரு வாக்கியம் இருந்தது: மாறிவரும் உலக வேலைவாய்ப்புச் சூழலைக் கருத்தில்கொண்டு. அண்ணன் அதைப் படித்துவிட்டு, “சரி, ஸ்பானிஷும் நல்ல மொழிதானே” என்றார். அண்ணிக்கும் அதில் பெரிய குறை தெரியவில்லை. பெண் மட்டும் என்னிடம் வந்து, “அத்தை, அப்ப ரெண்டு வருஷம் படிச்சது?” என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்றிலிருந்து இது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஜெர்மன் போய் ஸ்பானிஷ் வருவதில் எனக்கு வருத்தம் கிடையாது. இரண்டுமே ஆயுள் முழுக்கப் படிக்கத் தகுந்த மொழிகள். ஆனால் கணக்கு வேண்டுமா, வேதியியல் வேண்டுமா என்று எந்தப் பள்ளியும் ஆண்டுக்கு ஆண்டு யோசிப்பதில்லை. அந்நிய மொழிக்கு மட்டும் ஏன் இந்த நிலையின்மை? ஒரு பிள்ளை உச்சரிப்பு பழகி, பெயர்ச்சொல்லுக்குப் பால் தெரிந்து, சின்னச் சின்ன வாக்கியம் எழுத ஆரம்பிக்கும் நேரத்தில், அதை அப்படியே விட்டுவிட்டு வேறொன்றைத் தொடங்கு என்று எப்படிச் சொல்ல முடிகிறது? அந்த முடிவை யார் எடுக்கிறார்கள், எதை வைத்து எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

பெற்றோர் கூட்டத்துக்கு அண்ணனுக்குப் பதிலாக நான் போனேன். மொழி பற்றிய பேச்சு வந்ததும் அறை சூடுபிடித்தது. ஒருவர் ஏன் மாண்டரின் இல்லை என்று கேட்டு, சீனாவின் ஏற்றுமதியைப் பற்றி நெடுநேரம் பேசினார். இன்னொருவர், ஜப்பானியம் தெரிந்தால் மென்பொருள் நிறுவனங்களில் தனி மதிப்பு என்றார். கனடாவுக்குக் குடியேற விண்ணப்பிக்கும்போது பிரெஞ்சு தெரிந்தால் கூடுதல் புள்ளிகள் கிடைக்கும், அதனால் பிரெஞ்சுதான் புத்திசாலித்தனம் என்று மூன்றாமவர் சொன்னார். ஒரு அம்மா தயங்கித் தயங்கி, “என் பொண்ணு கொரியன் கத்துக்கணும்னு சொல்றா. வீட்டிலேயே எழுத்தெல்லாம் எழுதிப் பழகிட்டா” என்றார். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மொழியின் மேல் ஆசை கொண்ட ஒரு பிள்ளையைப் பற்றி அந்த அறையில் பேசியவர் அவர் ஒருவர்தான். மற்ற எல்லோரும் பேசியது, பத்து ஆண்டு கழித்து எந்த நாட்டில் பணம் இருக்கும் என்பதைப் பற்றி.

பத்து ஆண்டு கழித்து

அந்தக் கணிப்பு எவ்வளவு தூரம் நிற்கும்? பள்ளிகள் மொழிகளைத் தேர்ந்தெடுத்த கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் கண்ணில் பட்டது அமெரிக்கா. 1915-ல் அங்கே உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஜெர்மன் படித்தார். நவீன மொழிகளில் அதுதான் முதலிடம். அறிவியலின் மொழி, ஆராய்ச்சியின் மொழி, லட்சக்கணக்கான குடியேறிகளின் வீட்டு மொழி. அன்றைக்கு ஒரு பெற்றோர் கூட்டம் நடந்திருந்தால் ஜெர்மனை விடப் பாதுகாப்பான மொழி இல்லை என்றுதான் எல்லோரும் சொல்லியிருப்பார்கள். 1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. 1922-ல் கணக்கெடுத்தபோது ஜெர்மன் படித்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஏழு ஆண்டுகளில் ஒரு பாடம் ஒரு நாட்டின் பள்ளிகளிலிருந்து துடைத்தெடுக்கப்பட்டது. அந்த வெற்றிடத்தால் பெரிதும் பயனடைந்த மொழி ஸ்பானிஷ்.

இந்தக் கதையில் என்னை நிறுத்திவைத்தது நெப்ராஸ்கா மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கு. எட்டாம் வகுப்பை முடிக்காத எந்தக் குழந்தைக்கும் அந்நிய மொழி கற்றுத்தரக் கூடாது என்று 1919-ல் அங்கே சட்டம் போட்டார்கள். ராபர்ட் மேயர் என்கிற ஆசிரியர் ஒரு தேவாலயப் பள்ளியில் பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஜெர்மனில் வாசிக்கக் கற்றுத்தந்தார். அதற்காக அவருக்கு 25 டாலர் அபராதம். அவர் மேல்முறையீடு செய்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1923-ல் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. கற்றுத்தரும் உரிமையும், பிள்ளைகளுக்கு எதைக் கற்பிப்பது என்று பெற்றோர் தீர்மானிக்கும் உரிமையும் அரசியல் சாசனம் காக்கும் சுதந்திரத்தில் அடங்கும் என்றது நீதிமன்றம். ஆனாலும் ஜெர்மன் அந்தப் பள்ளிகளில் பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. தடையை நீதிமன்றம் ஒரே நாளில் நீக்கிவிட்டது. அதற்குள் ஆசிரியர்கள் வேறு வேலைக்குப் போயிருந்தார்கள், வகுப்புகள் கலைந்திருந்தன, அடுத்த தலைமுறை ஆசிரியராக வேண்டிய பிள்ளைகள் வேறு மொழி படித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் 1957 அக்டோபரில் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியது. அடுத்த ஆண்டே அமெரிக்கா தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கணிதம், அறிவியலோடு அந்நிய மொழிகளுக்கும் கூட்டாட்சி அரசின் பணம் பாய்ந்தது, ரஷ்ய மொழிக்கும் பள்ளிகளில் இடம் கிடைத்தது. அதே காலத்தில் ஹங்கேரியில் ஒவ்வொரு பள்ளிப் பிள்ளையும் ரஷ்ய மொழியைக் கட்டாயமாகப் படித்துக்கொண்டிருந்தது. ஏறக்குறைய 40 ஆண்டு அப்படிப் படித்தார்கள். 1989-ல் கட்டாயம் போனது. ஆயிரக்கணக்கான ரஷ்ய ஆசிரியர்கள் மறுபயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்து ஆங்கிலமும் ஜெர்மனும் கற்பிக்கத் தயாராக வேண்டியதாயிற்று. நேற்றுவரை ஒரு பாடத்தில் வகுப்பிலேயே அதிகம் தெரிந்தவராக இருந்த மனிதர், மறுநாள் மாணவர்களுக்கு இரண்டு பாடம் முன்னால் மட்டும் படித்துவிட்டு வகுப்புக்குள் நுழைவது எவ்வளவு வேதனை.

ஆஸ்திரேலியாவின் கதை போர் சார்ந்தது அல்ல, முழுக்கப் பொருளாதாரம் சார்ந்தது. ஆசியாதான் எதிர்காலம் என்று 1994-ல் கெவின் ரட் தலைமையிலான குழு ஓர் அறிக்கை தந்தது. சீனம், ஜப்பானியம், இந்தோனேசியம், கொரியன் ஆகிய நான்கு மொழிகளைப் பள்ளிகளில் வளர்க்க மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து திட்டம் தொடங்கின. 2002 முடிவில் மத்திய அரசு பணத்தை நிறுத்தியது. ரட் பிரதமரான பிறகு 2008-ல் அதே நான்கு மொழிகளுக்கு வேறு பெயரில் திட்டம் வந்தது, 2012-ல் அதுவும் முடிந்தது. இந்தோனேசியா கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய அண்டை நாடு. அந்த மொழியைப் படிக்கும் ஆஸ்திரேலிய மாணவர் எண்ணிக்கை பல ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அதேசமயம் ஜப்பானின் பொருளாதாரம் தேங்கிப்போன பிறகும், ஜப்பானியம் அங்கே அதிகம் கற்பிக்கப்படும் மொழிகளில் ஒன்றாக நீடிக்கிறது. பணக் கணக்குதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால் இதற்கு நேர்மாறாக அல்லவா நடந்திருக்க வேண்டும்? ஜப்பானியத்துக்கு எது கைகொடுத்தது என்கிற கேள்வியோடுதான் நான் அந்த ஜெர்மன் ஆசிரியரைப் பார்க்கப் போனேன்.

ஆசிரியர் சொன்னது

அவர் அந்தப் பள்ளியில் கடைசி வாரத்தில் இருந்தார். புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே பேசினார். உலக வேலைவாய்ப்புச் சூழல் பற்றிச் சுற்றறிக்கையில் இருந்த வரியை நான் சொன்னதும் கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைத்தார். “மேடம், ஸ்கூல் ஸ்பானிஷைத் தேர்ந்தெடுக்கல. எனக்குப் பதிலா ஒரு ஜெர்மன் டீச்சரைத் தேடினாங்க, கிடைக்கல. கிடைச்சவங்களுக்கு ஸ்பானிஷ் தெரியும். அவ்வளவுதான்” என்றார். நான் பேசாமல் நின்றேன். அவரே தொடர்ந்தார்: “நான் வர்றதுக்கு முன்னாடி இங்க பிரெஞ்சு இருந்துச்சு. அந்த டீச்சர் போனதும் நான் வந்தேன். அப்பவும் இதே மாதிரி ஒரு சர்க்குலர் போயிருக்கும்.”

இத்தனை நாள் நான் படித்த போர்களும் பொருளாதாரமும் சட்டங்களும் ஒரு பக்கம். அந்த அறையில் அவர் சொன்ன இரண்டு வாக்கியம் ஒரு பக்கம். அதுவரை ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து மொழிகளை எடைபோட்டு முடிவு செய்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். பெற்றோர் கூட்டத்தில் நாங்கள் அத்தனை பேரும் மாண்டரினா பிரெஞ்சா என்று வாதாடியதும் அந்த நினைப்பில்தான். உண்மையில் அப்படி ஒரு மேசையே இல்லை. ஆள் கிடைத்தார், மொழி வந்தது. ஆள் போனார், மொழி போனது. காரணம் பிறகு எழுதப்பட்டது.

ஏன் ஆள் நிற்பதில்லை என்று கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். அவருக்கு அங்கே முழுநேர வேலை கிடையாது. பாடவேளைக்கு இவ்வளவு என்று சம்பளம். ஒரு பள்ளியில் கிடைக்கும் பாடவேளைகள் போதாது, அதனால் இரண்டு பள்ளிகளில் ஓடி ஓடி வேலை செய்கிறார். ஒரு பள்ளியின் கால அட்டவணை மாறினால் இன்னொன்றில் இடிக்கும். மொழி வகுப்பைக் கணினி அறிவியலுக்கும் ஓவியத்துக்கும் எதிரே, அதே நேரத்தில் வைத்துவிடுவார்கள், எனவே கணினி எடுக்க விரும்பும் பிள்ளை மொழியை விட்டாக வேண்டும். ஒரு வகுப்பு நடக்கக் குறைந்தபட்சம் இத்தனை பேர் வேண்டும் என்று ஒரு எண் இருக்கும். ஏழாம் வகுப்பில் ஒரே ஒரு ஆண்டு சேர்க்கை சரிந்தால், அந்தக் குறை எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதுக்கும் பத்துக்கும் அதோடு நடந்து போகும். பத்தாம் வகுப்பில் ஆறு பேருக்கு எதற்கு ஒரு ஆசிரியர் என்று நிர்வாகம் கேட்கும்போது அதற்குப் பதில் இருக்காது. மொழிக்கல்வி படிக்கட்டு மாதிரி, நடுவில் ஒரு படி பெயர்ந்தால் மேலே இருக்கும் படிகளால் யாருக்கும் பயன் இல்லை. அவர் போவதற்குக் காரணமும் இதுதான். வேறோர் ஊரில் முழுநேர வேலை கிடைத்திருந்தது. அவர் மேல் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜப்பானியம் நிலைத்ததற்கும் விடை இதிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு காலத்தில் பெருகிய ஆர்வத்தில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் நிரந்தரப் பணியில் அமர்ந்தார்கள். பாடத்திட்டம், பாடநூல், சகோதரப் பள்ளி, பயணம் என்று எல்லாம் அவர்களைச் சுற்றி வேர்விட்டது. ஆர்வம் தணிந்த பிறகும் வேர் இருந்தது. அதை அப்படி ஊன்ற விடாத மொழிகள் ஒவ்வொரு முறை பணம் நிற்கும்போதும் வாடின.

மதிப்பெண்ணும் ஒரு தேர்வாளர்

ஆசிரியர் இல்லாமலேயே ஒரு மொழி கொடிகட்டிப் பறந்த கதையும் உண்டு, அது தென் கொரியாவில். அங்கே பல்கலைக்கழக நுழைவுக்கான தேசியத் தேர்வில் இரண்டாம் அந்நிய மொழி ஒரு விருப்பப் பாடம். 2005 கல்வியாண்டுக்கான தேர்விலிருந்து அதில் அரபு மொழியும் சேர்ந்தது. நாட்டில் அரபு கற்பித்த பள்ளிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் 2010-களின் பிற்பகுதியில் அந்தப் பகுதியை எழுதிய மாணவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் அரபைத் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் எளிது. தரம் ஒப்பீட்டு முறையில் வழங்கப்பட்டது, அதாவது உங்கள் மதிப்பெண் உங்களோடு எழுதியவர்களை வைத்தே அளக்கப்படும். சீனமோ ஜப்பானியமோ எடுத்தால், அந்த மொழியை ஆண்டுக்கணக்காகப் படித்தவர்களோடு போட்டி. அரபு எடுத்தால் யாருக்கும் பெரிதாக எதுவும் தெரியாது, கொஞ்சம் மனப்பாடம் செய்தவர் மேலே வந்துவிடுவார். ஒருமுறை வியட்நாமியம் புதிதாகச் சேர்ந்தபோது கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்து, பிறகு அரபுக்கே திரும்பியது. 2021 நவம்பரில் நடந்த தேர்விலிருந்து ஒப்பீட்டு முறையை எடுத்துவிட்டார்கள். அரபு மோகமும் அடங்கியது.

அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் விதிகளைப் புரிந்துகொண்டு நடந்தார்கள். அத்தனை ஆயிரம் இளைஞர்கள் ஒரு மகத்தான மொழியை, அதில் ஒரு கவிதைகூட வாசிக்காமல், தரவரிசையில் ஏறுவதற்காக மட்டும் தொட்டுவிட்டுப் போனது எனக்கு இழப்பாகவே படுகிறது. மதிப்பெண் முறை எப்படி அமைகிறதோ அப்படித்தான் மொழியும் தேர்ந்தெடுக்கப்படும். இங்கிலாந்தில் 2004-ல் 14 வயதுக்கு மேல் அந்நிய மொழி கட்டாயமில்லை என்று ஆக்கினார்கள். பதினாறு வயதில் எழுதும் பொதுத்தேர்வில் ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கும் மேல் இருந்த பிரெஞ்சுத் தேர்வர்கள் பதினைந்தே ஆண்டுகளில் பாதிக்கும் கீழே போனார்கள். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் நல்ல தரம் வாங்குவது மற்ற பாடங்களை விடக் கடினம் என்று ஆசிரியர்கள் வெகுகாலம் முறையிட்டார்கள். 2019-ல் தேர்வு ஒழுங்குமுறை அமைப்பே அந்த இரண்டு மொழிகளின் தரமதிப்பீட்டைச் சற்றுத் தளர்த்துவதாக அறிவித்தது. அதற்குள் பல பள்ளிகளில் ஜெர்மன் துறையே இல்லை.

பிரான்ஸில் இன்னொரு விதம். அங்கே பெற்றோர் பல தலைமுறையாக ஜெர்மனைத் தேர்ந்தெடுத்ததற்கு, அது கடினமான மொழி, நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்தான் அதை எடுப்பார்கள், எனவே நம் பிள்ளை நல்ல வகுப்பில் அமரும் என்பதும் ஒரு காரணம். ஆறாம் வகுப்பிலேயே இரண்டு அந்நிய மொழிகள் தொடங்கும் சிறப்பு வகுப்புகள் சமத்துவத்துக்கு எதிரானவை என்று சொல்லி 2016-ல் அரசு அவற்றைப் பெருமளவு குறைத்தது. மறுஆண்டே பெரும்பாலும் திரும்ப வந்தன. லத்தீனும் இதே வேலையைப் பலகாலம் செய்தது. ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் நுழைவுக்கு லத்தீன் கேட்டவரை பள்ளிகள் அதைக் கற்பித்தன. 1960-ல் அந்த நிபந்தனை போனதும் லத்தீன் வகுப்புகள் சரியத் தொடங்கின.

யார் செலவில்

ஆசிரியருக்குச் சம்பளம் தர பள்ளியிடம் பணம் இல்லையென்றால் வேறு யாராவது தருவார்கள். பிரெஞ்சைப் பரப்பும் அலியான்ஸ் பிரான்சேஸ் 1883-ல் தொடங்கியது, ஜெர்மனைப் பரப்பும் கோத்தே நிறுவனம் 1951-ல், ஜப்பானியத்தைப் பரப்பும் ஜப்பான் அறக்கட்டளை 1972-ல். 2008-ல் ஜெர்மன் வெளியுறவு அமைச்சகம் உலகெங்கும் பள்ளிகளை இணைக்கும் ஒரு வலைப்பின்னலைத் தொடங்கியது. அதில் இன்று ஏறக்குறைய 2,000 பள்ளிகள் இருக்கின்றன. இதை நான் தவறாகச் சொல்லவில்லை. தன் மொழியை உலகம் படிக்க வேண்டும் என்று ஒரு நாடு செலவு செய்வது நல்ல காரியம், அந்தப் பணத்தில் எத்தனையோ ஆசிரியர்கள் நல்ல பயிற்சி பெற்றிருக்கிறார்கள். அமெரிக்காவில் கல்லூரி அளவிலான இத்தாலியத் தேர்வு ஆட்கள் குறைந்ததால் 2009-ல் நிறுத்தப்பட்டு, இத்தாலிய அரசும் இத்தாலிய வம்சாவளியினரும் திரட்டிய பணத்தால் ஓரிரு ஆண்டுகளில் மீண்டது.

ஆனால் வெளியிலிருந்து வரும் பணம் வெளியிலேயே நிறுத்தப்படும். சீன அரசின் கன்பூசியஸ் நிறுவனம் 2004-ல் சியோலில் தொடங்கி உலகெங்கும் பரவியது, பள்ளிகளுக்கும் ஆசிரியர்களை அனுப்பியது. அரசியல் கசந்தது. 2020-ல் ஸ்வீடன் தன் மண்ணில் இருந்த கடைசி மையத்தையும் மூடியது. இந்தியாவில் கேந்திரிய வித்யாலயாக்கள் 2011-ல் கோத்தே நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு ஜெர்மனை மூன்றாம் மொழியாகக் கற்பித்தன. 2014 நவம்பரில், கல்வியாண்டு பாதி கடந்த பிறகு, அந்த இடம் சமஸ்கிருதத்துக்கு என்று அறிவிப்பு வந்தது. சுமார் 70,000 மாணவர்கள். மூன்றாம் மொழி இந்திய மொழியாக இருக்க வேண்டும் என்பதற்குக் கொள்கை அடிப்படையில் வாதம் உண்டு, அதைப் பேசலாம். பாதி ஆண்டில் பாடப்புத்தகத்தைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்கி வேறொன்றைத் தருவதற்கு எந்த வாதமும் இல்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கையின் முந்தைய வரைவில் அந்நிய மொழிகளின் வரிசையில் சீனம் இருந்தது. இறுதி ஆவணத்தில் கொரியன், ஜப்பானியம், தாய், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், போர்த்துகீசியம், ரஷ்யன் இருக்கின்றன, சீனம் இல்லை. பட்டியலில் ஒரு சொல் விடுபடுவது தாளில் சின்ன விஷயம். எங்கோ ஒரு மாண்டரின் ஆசிரியருக்கு அது வாழ்வாதாரம்.

இரண்டு ஆண்டு என்றால் எவ்வளவு

பெண் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ரெண்டு வருஷம் படிச்சது என்ன ஆகும்? நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வாரம் மூன்று பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம், ஆண்டுக்கு விடுமுறை போக 35 வாரம். ஆண்டுக்கு 70 மணி நேரம் வருகிறது, இரண்டு ஆண்டுக்கு 140. ஐரோப்பிய மொழித்தர அளவுகோலில் முதல் நிலையான ஏ1-ஐ எட்ட, 45 நிமிடப் பாடவேளையாக 80 முதல் 200 வரை வேண்டும் என்கிறது கோத்தே நிறுவனம். மூன்றாம் நிலையான பி1-க்கு 350 முதல் 650 வரை. நம் 140 மணி நேரம் ஏறக்குறைய 187 பாடவேளை. அதாவது இரண்டு ஆண்டு முடிவில் ஒரு பிள்ளை தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும், விலை கேட்கும், வழி கேட்கும். நான்கு ஆண்டு தொடர்ந்தால் 373 பாடவேளை. பி1 வாசலில் கால் வைக்கும். அங்கேதான் ஒரு சின்னக் கதையைத் தானாக வாசிக்கலாம், ஒரு கடிதம் எழுதலாம், படித்தது பிறகு மறந்தாலும் திரும்பத் தேடி எடுக்கலாம். அதற்கு முன்னால் விட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும்.

ஆக, ஏழாம் எட்டாம் வகுப்பில் ஜெர்மன், ஒன்பதாம் பத்தாம் வகுப்பில் ஸ்பானிஷ் என்று படித்த பிள்ளைக்கு இரண்டு மொழி தெரியும் என்று சான்றிதழ் சொல்லும். அதற்கு இரண்டிலும் ஒன்றும் வாசிக்கத் தெரியாது. அதே நான்கு ஆண்டை ஒரே மொழியில் செலவழித்திருந்தால் ஒரு புத்தகமாவது கிடைத்திருக்கும். கூட்டத்தில் மாண்டரின் கேட்டவருக்கும் இதைச் சொல்ல ஆசைப்பட்டேன். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அமெரிக்கத் தூதரக ஊழியர்கள் ஸ்பானிஷில் தொழில்முறைத் திறன் பெற 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் எடுத்துக்கொள்கிறார்கள் என்றால், மாண்டரினுக்கும் ஜப்பானியத்துக்கும் அரபுக்கும் கொரியனுக்கும் 2,200 மணி நேரம். அவர்கள் வளர்ந்தவர்கள், முழுநேரமும் அதையே படிப்பவர்கள். தொலைவான மொழியைத் தொடங்கும் பள்ளி இன்னும் நெடுங்காலம் நடத்தும் துணிவோடு தொடங்க வேண்டும். மாண்டரின் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆறாம் வகுப்பிலேயே தொடங்குங்கள், கடைசி வகுப்புவரை கொண்டுபோங்கள் என்கிறேன்.

எந்த மொழி என்கிற சண்டையில் எனக்கு இப்போது ஆர்வமே போய்விட்டது. ஜெர்மனோ ஸ்பானிஷோ கொரியனோ, எதுவானாலும் சரி. அதைக் கற்பிக்க ஒருவரை முழுநேர வேலையில் வைத்துக்கொள்ள முடியுமா, அவர் போனால் அதே மொழிக்கு இன்னொருவர் கிடைப்பாரா, தொடங்கிய பிள்ளை முடிக்கும்வரை வகுப்பு நடக்குமா? இவை மூன்றுக்கும் ஆம் என்று சொல்ல முடிகிற மொழிகள் ஒரு பள்ளிக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அந்த ஒன்றிரண்டுக்குள் பிள்ளைகளைக் கேளுங்கள். வீட்டில் தானாகக் கொரிய எழுத்துகள் எழுதிப் பழகும் பெண்ணுக்கு யாரும் ஊக்கம் கொடுக்கத் தேவையில்லை. அவளுடைய ஆசை நான்கு ஆண்டு தாங்கும். ஏற்றுமதிப் புள்ளிவிவரம் ஒரு பிள்ளையை வினைச்சொல் வாய்பாட்டின் முன்னால் ஒரு மாலைப்பொழுதுகூட உட்கார வைக்காது.

இதையெல்லாம் பள்ளிக்குக் கடிதமாக எழுதினேன். ஸ்பானிஷை நிறுத்தச் சொல்லவில்லை, அதை வரவேற்றே எழுதினேன். எத்தனை ஆண்டு நடத்தப்போகிறீர்கள் என்பதைச் சேரும்போதே பெற்றோருக்கு எழுத்தில் சொல்லுங்கள் என்று கேட்டேன். ஏற்கெனவே ஜெர்மன் படித்த பிள்ளைகள் பத்தாம் வகுப்புவரை முடிக்க ஒரு வழி செய்யுங்கள் என்றும் கேட்டேன். பழைய ஆசிரியர் வாரத்தில் மூன்று மாலை இணையவழியில் எடுக்கத் தயாராக இருக்கிறார், அவரிடம் பேசிவிட்டுத்தான் எழுதினேன். தலைமையாசிரியர் கூப்பிட்டுப் பேசினார். நல்ல மனதோடுதான் கேட்டுக்கொண்டார். குறைந்தது பன்னிரண்டு பிள்ளைகள் சேர்ந்தால் பள்ளி நேரத்திலேயே ஓர் அறையும் கணினியும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இதுவரை ஒன்பது பெயர் சேர்ந்திருக்கிறது. இன்னும் மூன்று வேண்டும், மீதி வீடுகளுக்குப் பேசிக்கொண்டிருக்கிறேன்.